இளையோரும் மயக்கப் பொருளும்: சார்பு பற்றிய ஓர் ஆராய்ச்சி

மக்களைப் பெற்றார்க்கு அவரை மது முதலிய மயக்கப் பொருள்களினின்றும் காத்தல் கடனாம் என்பதில் ஒருவர்க்கும் ஐயமின்று. ஐயம் நிகழ்வது, அக்கடன் எத்தகையது, எதனைச் செய்தால் அது நிறைவுறும் என்பதன்கண்ணேயாம். தீயதனைத் தீயது என்று எடுத்தோதிய அளவில் பெற்றோர் கடன் தீர்ந்தது என்பர் ஒருசாரார். அரசு சட்டம் வகுத்துக் கடையை அடைத்தலே வேண்டுவது, வீட்டாரால் ஆவதொன்றில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரினும் வேறாய், அவரவர் வினைப்பயன் அவரவரை வந்து பொருந்தும், பிள்ளையின் ஊழைத் தந்தை மாற்றுதல் யாங்ஙனம் என்று கூறி வாளாவிருப்பாரும் நம்மவருள் உளர். இக்கூற்றுக்கள் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும், உயிர் ஒரு சார்பின்றித் தனித்து நிற்கமாட்டாது என்னும் சித்தாந்த உண்மையை மறந்தமையால் எழுந்தன என்ற அளவில் ஒன்றேயாம். அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

வினையை முன்னிட்டு வாளாவிருப்பார் கூற்றை முதற்கண் எடுத்துக்கொள்வாம். அது விரைவில் தீர்க்கத்தக்கது. பிள்ளைக்கு வரும் இன்பதுன்பங்கள் அவன் பிராரத்தத்தின் வழியன என்பது மெய்யே. ஆயின் அவ்விடத்துத் தந்தை செய்வதும் செய்யாதொழிவதும் தந்தைக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதும் அந்நூல்களே கூறும் முடிபன்றோ? பிள்ளைக்குச் சுரங் கண்டவழி, இஃது இவன் வினை என்று மருத்துவனை அழையாதிருக்கும் தந்தையை நாம் யாண்டுங் கண்டிலேம். சுரத்திற்கு ஒரு நியாயமும் சாராயத்திற்கு ஒரு நியாயமும் கொள்வது வினைக்கொள்கையன்று; தன் சோம்பலுக்கு வினை என்னும் போர்வையைப் போர்த்தலேயாம்.

இனி உயிரின் இயல்பினை நோக்குவாம். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பு என்பது நம் ஆசிரியர்தம் துணிபு. படிகம் தனக்கென ஒரு நிறங்காட்டாது, தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டும். கண் இருளில் இருளோடு ஒத்தும் ஒளியில் ஒளியோடு ஒத்தும் நிற்கும். இவ்வுவமைகள் பாசநீக்கத்தையும் சிவப்பேற்றையும் விளக்குதற்கு எழுந்தன என்பதனை நாம் மறந்தோமல்லேம். இல்வாழ்வாரது உலகியற்கண் வைத்துப் பொருத்துங்கால் அளவறிந்தே பொருத்துதல் வேண்டும். எனினும் ஒன்று தெளிவு. படிகத்தின் அருகே கிடந்த செம்மலரை எடுத்தெறிந்த மாத்திரையில் படிகத்தின் இயல்பு மாறிவிடாது. அடுத்து எது வந்து சாருமோ அதன் நிறத்தைக் கவர்ந்துகொள்ள அது காத்தே நிற்கும். ஆகலின் ஒன்றினின்று நீக்குதலையும் மற்றொன்றனைச் சார்வித்தலையும் இருவேறு செயல்களாகக் கொண்டு, முன்னையதை இன்று செய்வாம், பின்னையதைப் பிறகு பார்ப்பாம் என்பார் முன்னையதையும் செய்தவராகார்.

13 முதல் 19 வரையுள்ள வயதில் இவ்வியல்பு மிக்கு விளங்குகின்றது. தாயின் முன்றானையைப் பற்றியிருந்த கை அதனை விட்டுவிட்டது. பற்றத்தக்க வேறொன்று இன்னும் அக்கைக்கு அகப்பட்டிலது. அவ்விடைவெளியில் முதற்கண் வந்து கைகொடுப்பவன் எவனோ அவனே அப்பிள்ளைக்கு உறவும் ஆசானும் ஆவான். பின்விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் மூளையின் முற்பகுதி 25 வயதளவிலேயே முதிர்ச்சியடைகின்றது என்று இக்கால உடனூலார் கூறுவது, கண்கூடாக நாம் காண்பதற்கு ஒத்ததே. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த பெரியதோர் கணக்கெடுப்பினை ஆய்ந்து 1997-இல் வெளியிட்டோர், 15 வயது நிரம்புமுன் குடிக்கத் தொடங்கியவருள் நூற்றுக்கு 40 பேர் தம் வாழ்நாளில் ஒருகாலத்துக் குடிக்கு அடிமையானமையும், 20 வயதின்மேல் தொடங்கியவருள் நூற்றுக்கு 10 பேரளவினரே அந்நிலையுற்றமையும் கண்டனர். இளமையிற் குடித்தலே பின்னர் அடிமையாதற்கு முழுக்காரணம் என்று இதனால் நாட்டுதல் இயலாது. இரண்டிற்கும் பொதுவாய வேறு காரணங்களும் இருத்தல் கூடும். ஆயினும் அச்சில ஆண்டுகளைக் குடியின்றிக் கடக்கச் செய்தல் வீண்முயற்சியன்று என்பது பெறப்படும்.

அங்ஙனமாயின் அறிவுரையே போதாதோ எனின், போதாது. நம்மவர்க்கு அறிவுரையின்கண் உள்ள நம்பிக்கை பெரிது; திருக்குறளிற் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பிள்ளைகள் ஒப்பிக்கக் கேட்டு மகிழ்ந்து, கடமை முடிந்ததென வீடு திரும்பும் பெரியோரை எத்துணையோ விழாக்களிற் காண்கின்றோம். அறிவுரையால் யாது விளையும் என்பதனை அளந்தறிந்த செய்தி ஒன்று உண்டு. 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் காவற்றுறையினர் பள்ளிதோறும் சென்று மயக்கப் பொருளின் தீமைகளை மாணவர்க்கு எடுத்துரைக்கும் முறை ஒன்று ‘டேர்’ என்னும் பெயராற் றொடங்கி, அந்நாடெங்கும் பரவிற்று. பின்னர் ஆராய்ந்தோர் பலரும், அவ்வுரையைக் கேட்ட மாணவர்க்கும் கேளாதவர்க்கும் ஆண்டுகள் கழிந்தபின் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்றே கண்டனர். அந்நாட்டரசின் கணக்காய்வு அலுவலகமும் 2003-இல் அம்முடிபையே எடுத்துக்கூறிற்று. அதன்பின் அம்முறை மாற்றியமைக்கப்பட்டது. உரைத்தோர் பொய் உரைத்திலர், மாணவர் செவிடருமல்லர். வாரத்தில் ஒருமணிநேரம் ஒருவர் வந்து கூறிப்போகும் சொல் சார்பாகாது என்பதே காரணம். சொல்லியவர் போய்விட்டார், மாலையில் உடனிருப்பவன் வேறொருவன்.

சித்தாந்தம் உணர்ந்தார்க்கு இது புதிதன்று. சிவஞான போதத்து எட்டாஞ் சூத்திரம் வேடருள் வளர்ந்த அரசகுமாரனை உவமை காட்டுகின்றது. அவன் வேட்டுவத் தொழிலை ஆராய்ந்து தேர்ந்து கைக்கொண்டவனல்லன். உடன் வளர்ந்தமையால் வேடனாயினான். வேட்டையாடுதல் பிழை என்று எவரேனும் காட்டின் எல்லையில் நின்று கூவிப் போயிருப்பின் அவன் அதனைக் கேட்டிருப்பானோ? அவனை அரசகுமாரன் என அறிவித்து, அவ்வறிவோடு அவன் இருத்தற்குரிய இடத்தையும் காட்டியபோதன்றோ அவன் வேடரை விட்டு நீங்கினான்! போவதற்கு ஓரிடம் இல்லாதவனுக்கு நீங்குக என்னும் சொற்குப் பொருளில்லை. இவ்வுவமையிற் குருவின் நிலையைப் பெற்றோர்க்கு முற்றும் ஏற்றிக் கூறுதல் அடாது. அறிவித்தலும் இடந்தருதலும் ஒன்றையொன்று விட்டு நில்லா என்ற அளவே நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது.

இதனை ஒரு நாடு முழுதும் செய்து பார்த்த வரலாறு உளது. அந்நாடு சைவத்தைக் கேட்டறியாதது. வட அத்லாந்திக் மாகடலில் உள்ள ஐஸ்லாந்து என்னும் தீவு. பனிநாட்டாரிடத்துச் சென்று பாடங் கேட்பதோ என்று முகஞ்சுளிப்பார்க்கு, உண்மை எவ்விடத்து விளங்கினும் அதனைக் கொள்ளுதல் நம் மரபே என்பதனை நினைவூட்டுவாம். 2016-இல் அந்நாட்டு மக்கட்டொகை ஏறத்தாழ 3,30,000. நம் நாட்டின் நடுத்தரமான ஒரு நகரத்தின் அளவினது. மதுவிலக்கு அவர்க்குப் புதிதன்று. நம் சேலம் மாவட்டத்தில் 1937-இல் மதுவிலக்குத் தொடங்குதற்கு 22 ஆண்டுகட்கு முன்னரே, 1915-இல், அவர் தம் நாடு முழுமைக்கும் அதனை விதித்தனர். பின்னர் 1922-இல் திராட்சை மதுவிற்கும், 1935-இல் வடித்த மதுவிற்கும் அவ்விலக்குத் தளர்ந்தது. பீர் மட்டும் 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் வரையில் விலக்குண்டிருந்தது. இத்துணைக் கட்டுப்பாட்டின் வழிவந்த நாட்டில், 1998-இல் 15, 16 வயதுடைய மாணவரை வினவியபோது, கடந்த ஒரு திங்களுக்குள் குடித்து வெறித்தமையை நூற்றுக்கு 42 பேர் ஒப்புக்கொண்டனர். நாடோறும் புகைபிடிப்போர் நூற்றுக்கு 23 பேர்; கஞ்சாவினை ஒருமுறையேனும் துய்த்தோர் நூற்றுக்கு 17 பேர். வெள்ளிக்கிழமை இரவில் தலைநகராகிய ரெய்க்யவிக்கின் நடுத்தெருவிற் குடித்துத் திரியும் சிறாரிடையே நடந்துசெல்ல மூத்தோர் அஞ்சிய காலம் அது.

1991-இல் ஹார்வி மில்க்மன் என்னும் அமெரிக்க உளநூற் பேராசிரியர் அந்நாட்டிற்கு அழைக்கப்பட்டுத் தம் கருத்தைக் கூறினார். மயக்கப் பொருளை நாடுவோர் உண்மையில் நாடுவது அப்பொருளையன்று, அது தம் உள்ளத்தே விளைக்கும் மாறுதலையே. ஆகலின் அம்மாறுதலை இசை, கூத்து, ஓவியம், உடற்பயிற்சி முதலிய நல்வழிகளால் எய்துவித்தல் கூடும் என்பது அவர் கொள்கை. 1992-இல் டென்வர் நகரில் அவர் தொடங்கிய முயற்சியில், தீயொழுக்கத்திற் சிக்கிய சிறாரிடம் உங்கள் நோயைத் தீர்க்கப் போகின்றோம் என்று கூறிற்றிலர். நீங்கள் விரும்பும் கலையைக் கற்பிக்கின்றோம் என்றே கூறினர். ஐஸ்லாந்தில் இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் முதலிய ஆராய்ச்சியாளர் இதனையும் கடந்து ஒரு வினா எழுப்பினர். வீழ்ந்தவரை எடுத்தற்கு இது பயன்படுமாயின், வீழாதவரை வீழாதிருக்கச் செய்தற்கும் பயன்படாதோ? அதன்பொருட்டு 1992 முதல் நாட்டு மாணவரைப் பலமுறை வினவிக் கணக்கெடுத்து, குடியாத மாணவர்க்கும் குடித்த மாணவர்க்கும் வேற்றுமை யாதென ஆராய்ந்தனர். வேற்றுமை அறிவுரை கேட்டதிலும் கேளாததிலும் காணப்பட்டிலது. ஒழுங்காக நடத்தப்படும் விளையாட்டு முதலியவற்றில் வாரத்திற்கு மூன்று நான்கு முறை கலந்துகொள்ளுதல், வார நாட்களிற் பெற்றோருடன் கழிக்கும் காலம், பள்ளியில் தம்மை மதிப்பார் உளர் என்னும் உணர்ச்சி, இரவிற் காலந்தாழ்த்து வெளியில் திரியாமை என்னும் இவற்றிலேயே காணப்பட்டது.

இவற்றுள் பெற்றோருடன் கழிக்கும் காலம் என்பதன்கண் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். அந்நாட்டுப் பெற்றோர் அதுகாறும், சிறிது பொழுதாயினும் சிறந்த பொழுதாக மக்களோடு கழித்தால் அமையும் என்று கேட்டு நம்பியிருந்தனர். கணக்கோ, பொழுதின் சிறப்பினும் பொழுதின் அளவே காக்கின்றது என்று காட்டிற்று. நம் வீடுகளிலும் ஆண்டிற்கொருமுறை பிள்ளையைத் தலயாத்திரைக்கு அழைத்துச் சென்று, எஞ்சிய நாளெல்லாம் அவன் எங்குளன் என்பதனை அறியாதிருக்கும் தந்தையர் மிகப் பலர். யாத்திரை நன்றே. ஆயின் சார்பு என்பது ஒருநாட் காட்சியன்று. பேச்சின்றி ஒரே கூடத்தில் அவன் படிக்க இவர் கணக்கெழுதியிருக்கும் வெறுமையான மாலைப்பொழுதுகளே அதனை ஆக்குகின்றன. அருகிருத்தலாலேயே படிகம் நிறங்கொள்கின்றது. மலர் படிகத்தை நோக்கிச் சொற்பொழிவு செய்வதில்லை.

கண்டறிந்ததனை அந்நாட்டார் செயலிலும் கொணர்ந்தனர். 18 வயது நிரம்பாதார்க்குப் புகையிலையும் 20 வயது நிரம்பாதார்க்கு மதுவும் விற்றல் குற்றம்; இரண்டிற்கும் விளம்பரம் செய்தலும் விலக்கப்பட்டது. 13 முதல் 16 வயது வரையுள்ளார் மாரிக்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும், கோடையில் நள்ளிரவிற்கு மேலும் துணையின்றி வெளியில் இருத்தல் ஆகாது என்று சட்டம் வகுத்தனர். விளையாட்டிற்கும் இசைக்கும் நாட்டியத்திற்கும் அரசுப் பொருள் மிகுதியும் செலவிடப்பட்டது. வறியவர் மக்களும் விலகி நில்லாவண்ணம் ரெய்க்யவிக் நகரத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டிற்கு 35,000 குரோனா அளவும் இதற்கென அளிக்கப்பட்டது. இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது பெற்றோர் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கையாம். ஒரு பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் ஒருங்குகூடி, மூத்தோர் இல்லாத விருந்துகளைத் தம் வீட்டில் நடத்தவிடுவதில்லை, இளையோர்க்கு மது வாங்கித் தருவதில்லை, பிறர் மக்களின் நலத்தையும் கண்காணிப்பது எனக் கையெழுத்திட்டனர். வாரத்து இறுதி இரவுகளில் அவர் முறைவைத்துத் தெருக்களில் நடந்தும் வந்தனர்.

2016-இல் அதே வயதினரை வினவியபோது, திங்களுக்குள் குடித்து வெறித்தவர் நூற்றுக்கு 5 பேர். நாடோறும் புகைபிடிப்போர் 3. கஞ்சாவினை அறிந்தோர் 7. 1997-இற்கும் 2012-இற்கும் இடையே, வார நாட்களிற் பெற்றோருடன் பெரும்பாலும் பொழுது கழிப்பதாகக் கூறியோர் நூற்றுக்கு 23-இலிருந்து 46 ஆயினர்; வாரத்திற்கு நான்குமுறையேனும் விளையாட்டிற் கலந்துகொள்வோர் 24-இலிருந்து 42 ஆயினர். அவ்வாண்டுகளில் ஐரோப்பிய நாடுகள் பிறவற்றிலும் இளையோர் குடி குறைந்தமையின், இப்பயன் முழுதும் இம்முயற்சி ஒன்றனாலேயே விளைந்தது என்று சாதிப்பது நடுநிலையாகாது. ஆயினும் பீருக்கு விலக்கு நீங்கிய பின்னரே குடி இவ்வளவு குறைந்தமை நோக்கத்தக்கது. கடை திறந்திருந்தது, பிள்ளைகளின் மாலைப்பொழுது வேறிடத்தில் நிரம்பியிருந்தது.

இதனாற் சட்டம் வேண்டா என்பது நம் கருத்தன்று. அவரும் சட்டத்தை விட்டாரல்லர். தனித்து நின்ற சட்டம் எத்துணை மெலியது என்பதற்கு நம் நாடே சான்று. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்றல் ஆகாது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் உளதாகலின் அவ்விதியைக் காத்தற்கு அரசிற்கு வேறொருவர் துணையும் வேண்டா. 2003-இல் வந்த புகையிலைச் சட்டம் 18 வயதிற்குட்பட்டார்க்கு விற்றலையும், கல்விக்கூடங்களினின்று 100 கஜத்திற்குள் விற்றலையும் தடுக்கின்றது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துப் 77-ஆம் பிரிவு, மருத்துவர் ஆணையின்றிச் சிறார்க்கு மதுவோ புகையிலையோ மயக்கப் பொருளோ தருவார்க்கு ஏழாண்டு வரையிற் கடுஞ்சிறையும் ஓரிலக்க ரூபாய் வரையில் தண்டமும் விதிக்கின்றது. மதுவையோ மயக்கப் பொருளையோ சுமக்கவும் விற்கவும் சிறாரை ஏவுவார்க்கும் அடுத்த பிரிவு அத்தண்டனையே கூறுகின்றது. விதிகள் கடுமையானவையே. எனினும் வேலை முடிந்து வந்த தந்தை புகையிலைச் சுருட்டு வாங்கிவரத் தன் மகனையே கடைக்கு ஏவுகின்றான். திருமண வீட்டின் பின்கட்டில், இன்று ஒருநாள்தானே என்று மாமன் முறையுடையான் பதினாறு வயதினன் கையிற் கிண்ணத்தைக் கொடுக்கின்றான். முதற்கிண்ணத்தை நீட்டுவது பெரும்பாலும் ஓர் உறவினன் கை என்பதனை நாம் வெளிப்படக் கூறுதற்கு நாணுகின்றோம்.

அன்றியும், கடையை அடைத்தலாலோ வயதை வினவுதலாலோ தடுக்கவொண்ணாத மயக்கங்களும் உள. நடுவணரசு அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட நாட்டுக் கணக்கில், முகர்ந்து மயங்கும் பொருள்களைத் துய்ப்போர் பெரியோருள் நூற்றுக்கு 0.58 ஆகவும், 10 முதல் 17 வயதுச் சிறாருள் நூற்றுக்கு 1.17 ஆகவும் காணப்பட்டனர். பெரியோரினும் சிறார் மிக்கிருந்தது இவ்வொரு வகையிலேயேயாம். அப்பொருள்கள் யாவை? ஒட்டும் பசை, எழுத்தழிக்கும் நீர், வண்ணங் கரைக்கும் எண்ணெய் முதலாகக் கைத்தொழிற்கும் கல்விக்கும் வேண்டுவனவே. கட்டையும் தோலும் ஒட்டும் பசையை எந்த அரசு விலக்கும்? வலிதீர்க்கும் மாத்திரைகளை மயக்கத்தின்பொருட்டு விழுங்கும் வழக்கமும் இவ்வாறே பரவி வருகின்றது. ஒவ்வொரு பொருளாக விலக்கிக்கொண்டே செல்லும் நெறி முடிவில்லாதது.

இனி, கண்டிப்பு என்னும் பெயரால் அடித்தலை ஏற்பார் ஒரு கூட்டத்தார், அதற்கு நம் சமயநூலையே துணையாகக் கொள்ளுதல் நமக்கு வருத்தந் தருகின்றது. இறைவன் தண்டித்தலும் அருளே, அது மறக்கருணை. தந்தை மகனை அடித்தலும் அத்தகையதே என்பது அவர் கூற்று. நூல்களிலும் தந்தை தாயர் கண்டித்தல் உவமையாக வருவது உண்மையே. ஆயின் மறக்கருணை கருணையாதற்குக் காரணம் தண்டிப்போன் முற்றுணர்வினன் ஆதல். அவன் உயிரின் பக்குவத்தை உள்நின்று அறிந்து, அதற்கேற்ற அளவிற் செய்கின்றான். சினம் அவனுக்கு இல்லை. பிள்ளையின் சட்டையிற் புகைநாற்றம் கண்டு நடுவிரவிற் கைந்நீட்டும் தந்தைக்கு இவ்விரண்டனுள் எது உளது? அவன் மகன் எவரோடு சேர்ந்தான், எதனை அஞ்சி இதனை நாடினான், எத்தனை நாளாயிற்று என்னும் ஒன்றும் அறியான். அறியாதவன் தண்டம் மறமேயன்றிக் கருணையாகாது. அதன் பயனும் நாம் காண்பதே: அடியுண்ட பிள்ளை குடியை விடுவதில்லை, வீட்டிற்கு வரும் நேரத்தை மாற்றிக்கொள்கின்றான். அவனுக்கிருந்த ஒரு நற்சார்பையும் தந்தையின் கையே அறுத்துவிடுகின்றது. வரம்பு வேண்டும், இத்துணை மணிக்குள் வீடு வருக, எவரோடு சென்றாய் என்பதனைக் கூறுக என்று உறுதியாக நிற்றல் வேண்டும். அவ்வரம்பு நாடோறும் மாறாது நிற்பதாகுக. சினத்தின் வரவிற்கேற்ப ஏறியிறங்குவதாகற்க.

இவ்வளவும் பெற்றோர்க்கே கூறினோம். ஆயின் ஓரில்லம் தனித்து இதனைச் செய்தல் அரிது. எல்லோரும் இருக்கின்றார்கள், என்னை மட்டும் ஏன் அழைக்கின்றீர் என்று பிள்ளை வினவுமிடத்து, அதற்கு விடையிறுக்க ஒரு தந்தையால் இயலாது. ஊரிலுள்ள தந்தையர் பலரால் மட்டுமே இயலும். ஐஸ்லாந்து நாட்டு உடன்படிக்கையின் நுட்பம் இதுவே. பிறர் மக்களையும் கண்காணிப்போம் என்ற ஒரு வரி, எல்லோரும் என்னும் சொல்லைப் பிள்ளையின் வாயினின்று பெற்றோர் பக்கத்திற்கு மாற்றிவிட்டது. நம் ஊர்களிலும் முன்னாளில் ஒருவர் பிள்ளையை மற்றொருவர் தடுத்துக் கேட்டல் இயல்பாயிருந்தது. இன்று அங்ஙனம் கேட்பார்க்கு, உமக்கென்ன என்னும் மறுமொழியே கிடைத்தலின் கேட்பார் அருகினர். முன்கூட்டியே கூடி உடன்பட்டு, என் பிள்ளையை நீர் கேட்கலாம் என்று ஒருவர்க்கொருவர் உரிமை தந்தாலன்றி அவ்வழக்கம் மீளாது.

மற்றும், வயல் வேலைக்கும் ஆலை வேலைக்கும் சென்று இரவு எட்டுமணிக்கு மீளும் தாயை நோக்கி, மகனோடு மாலைப்பொழுதைக் கழிப்பாயாக என்று கூறுதல் கொடுமை. அவளுக்கு அன்பு குறைவன்று, பொழுதே இல்லை. இவ்விடத்துக் கடன் நீங்கிவிடுவதில்லை. பொழுதுடையார்மேற் சென்று பொருந்துகின்றது என்பது நம் துணிபு. பொழுதுடையார் யாவர்? ஓய்வு பெற்ற ஆசிரியரும், திருக்கோயிலையும் திருமடங்களையும் சார்ந்து வாழும் நாமுமே. இதழ்களிற் கட்டுரை வரைதற்கு உளதாகும் பொழுது இதற்கும் உளதாகும்.

நம் மடங்களின் சார்பில் ஞாயிறுதோறும் திருமுறை வகுப்புகள் நடைபெறுகின்றன. அவை நன்று, ஆயின் வாரத்தில் ஒரு மணி என்பது முற்கூறிய காவலர் உரையின் அளவே. அவ்வகுப்பிற்கு வருவோரும் பெரும்பாலும் முன்னரே நல்லொழுக்கத்தில் நிற்பவர் மக்கள். பண்ணிசையில் விருப்பமில்லாத பிள்ளைக்கு நம் வாயிலில் இடமுளதா? அவனுக்குச் சிலம்பமோ பந்தாட்டமோ தவிலோ வேண்டியிருக்கலாம். மடத்துத் திடலிற் பந்தாடுதல் தகுமோ என்று வினவுவார்க்கு, அத்திடல் வெறிதே கிடக்க அப்பிள்ளை ஆற்றுப்பாலத்தின் கீழ் இருத்தல் தகுமோ என்று நாம் எதிர்வினவுவாம். திருவிழாக்களைப் பற்றியும் ஒரு சொல். சில ஊர்களில் இரவு வீதியுலாவிற் சுவாமியைத் தோளிற் சுமக்கும் இளைஞரிடத்து மதுநாற்றம் வீசுகின்றது. முன்செல்லும் பெரியோர் அதனை அறிவர். தோள் வேண்டுமே என்று வாய்மூடி நடக்கின்றனர். அக்கூட்டத்தில் தீவட்டி பிடித்துவரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அன்றிரவு கற்றுக்கொண்டது யாது என்பதனை எவரும் எண்ணுவதில்லை.

முன்னரே இவ்வழக்கத்திற் சிக்கிய பிள்ளையின் செய்தி வேறு. அவனுக்குச் சார்பு மாற்றல் மட்டும் போதாது, மருத்துவமும் வேண்டும். உடல் அப்பொருளுக்குப் பழகியபின் திடீரென நிறுத்துதல் சில மயக்கங்களில் உயிர்க்கு ஊறு செய்வதும் உண்டு. இதனைக் குடிப்பெருமைக்கு இழுக்கென மறைத்துக் காலங் கழித்தல் பெருந்தீங்கு. நடுவணரசின் 14446 என்னும் தொலைபேசி எண்ணிற் கட்டணமின்றி வழிகேட்கலாம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவினரும் உதவுவர். பள்ளியினின்று அவனை நீக்கிவிடுதல் தலைமையாசிரியர்க்கு எளிது. ஆனால் நீக்கப்பட்ட அப்பிள்ளை அன்று மாலை எங்குச் செல்வான் என்று கேட்டால், பாலத்தின் கீழுள்ளார் ஒருவரே அவனை வருக என்பார்.

மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையில், பூட்டிக் கிடக்கும் மண்டபம் ஒன்றைத் திறந்து, விளக்கேற்றி, வருவார் பெயரை அறிந்து, வாராதார் வீட்டிற்கு மறுநாள் சென்று வினவும் ஒருவர் ஓர் ஊரிற்கு வேண்டும். பந்து, சிலம்பக்கோல், ஒரு பழைய தவில் இவை போதும். திறவுகோல் பெரும்பாலும் மடத்துக் கணக்கர் கையில் உளது.